ராமாத்தாளுக்கு வந்த சீக்கு

சீக்கு என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் மேலுக்குச் சொகமில்லை என்பார்கள். கேட்டவர்கள் ஒரு சொம்பு ரசத்தோடு பார்க்க வருவார்கள். வெள்ளைக்காரனின் இந்தச் சொல் வந்த பிறகு, முதலில் கோழிக்குச் சீக்கு என்றார்கள், மாட்டுக்குச் சீக்கு என்றார்கள், அப்புறம் வேண்டாத மனுசருக்கும் சீக்கு என்றார்கள்.

என் பெரியப்பா மகள் ராமாத்தாளை அப்படிச் சொன்னவன் அவள் புருசன் அர்த்தநாரி. சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு மோகனூருக்குத் திரும்பியவன். காலையில் ஆள் கூப்பிடும்போது எழுந்து நிற்க முடியாதவனைத் துரை 'சிக்' என்பாராம். அந்த ஆள் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான். இதை அர்த்தநாரி எங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னான். அப்போதே அவன் இலையை எடுத்திருக்க வேண்டும்.

ராமாத்தாள் அந்தக் குடும்பத்துக்கு மாடாக உழைத்தவள். விடியுமுன் சாணி அள்ளி, பால் கறந்து, காட்டுக்குச் சோறு கொண்டுபோவாள். ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. நடுங்கிக்கொண்டே களி கிண்டியிருக்கிறாள்.

"இவ சீக்காளி. இனி ஆகமாட்டா," என்றான் அர்த்தநாரி.

எங்கள் சனத்தில் ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. மருமகள் நோயில் விழுந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தேறினால் கூப்பிட்டுக்கொள்வார்கள், செத்தால் அந்தச் செலவு பிறந்த வீட்டோடு போகும். மாமியார் குப்பாயி அவளை வண்டியில் ஏற்றிவிட்டு, போர்த்தியிருந்த கம்பளியை உருவிக்கொண்டாள். வண்டி நகரும் முன்பே, பிணம் எடுத்த வீட்டில் செய்வதுபோல, அவள் படுத்த இடத்தில் சாணம் தெளித்தாள். வீட்டுக்கு வந்த ராமாத்தாள் முதலில் சொன்னது அந்தச் சாணத்தைப் பற்றித்தான்.

குளிர்காய்ச்சலுக்கென்று தபாலாபீசில் விற்ற கொயினா மருந்தைக் கொடுத்துப் பெரியம்மா அவளைத் தேற்றினாள். மோகனூரிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. அர்த்தநாரிக்கு வேறு பெண் பார்ப்பதாகச் செய்திதான் வந்தது. வாழாவெட்டி என்ற பேச்சுக்குப் பயந்து பெரியப்பா ஊருக்குள் தலை காட்டுவதையே குறைத்துக்கொண்டார்.

மாசி மாதம் குப்பாயி வண்டி கட்டிக்கொண்டு வந்தாள்.

"அவனுக்கு மேலுக்குச் சொகமில்லை சாமி. அதே குளிர்காய்ச்சல். கஞ்சி வெச்சுக் குடுக்க ஆளில்லை, வா போலாம்," என்றாள் ராமாத்தாளிடம்.

மகனுக்கு மட்டும் பழைய சொல் வாய்க்கு வந்துவிட்டது. எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

பெரியப்பா எழுந்தார். "கெளம்பு ராமாத்தா. கூப்பிடறப்பவே போயிரோணும்," என்றார்.

ராமாத்தாள் உள்ளே போனாள். துணி எடுக்கப் போகிறாள் என்று நினைத்தோம். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாமியாரிடம் நீட்டினாள்.

"குடிங்க அத்தை. சீக்கு வந்தாப் பொறந்த ஊட்டுல கெடக்கோணும்னு நீங்கதானுங்க என்னை அனுப்புனீங்க. அவரு பொறந்த ஊட்டுலதானுங்களே இருக்கறாரு."