வெள்ளவத்தை மணலில் நான் கீறிய தோட்டம்

ஊறின பொச்சுமட்டைக்கு ஒரு மணம் உண்டு. பாதி மண், பாதி தேங்காய்... அது மூக்கில் பட்டால் எனக்கு உடனே வெள்ளவத்தை வீடுதான் ஞாபகம் வரும்.

கலியாணம் முடித்த புதிது. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் கீழ்வீடு எங்களுக்கு வாடகைக்கு. மேலே வீட்டுக்காரி புளோரா அன்ரி. வாசலுக்கு முன்னால் இரண்டு கார் விடுமளவுக்கு வெறும் மணல். என் மனைவி வதனிக்கு அதைப் பார்த்ததும் கண் மின்னியது. கொட்டாஞ்சேனையில் மாடி அறையொன்றில் வளர்ந்தவள். கால் வைக்கச் சொந்தமாய் ஒரு பிடி மண் இருந்ததில்லை.

அன்ரியிடம் கேட்டோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர் மீற்றர், அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"தோட்டம் போடுங்கோ தம்பி, வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஆனா பைப் தண்ணி ஒரு சொட்டும் விடேலாது. டிசம்பரில நத்தாருக்கு மகன் வாறான். அதுக்குள்ள சரிவராட்டி சிமெந்து போட்டு கார் பார்க் ஆக்கிப்போடுவன்."

நான் அப்போது ஒரு கட்டடக் கம்பனியில் ட்ராஃப்ட்ஸ்மன். விடுவேனா? கிராஃப் பேப்பரில் பிளான் கீறினேன். கேற் பக்கம் தாகம் தெரியாத ஆட்கள்... கற்றாழை, பட்டிப்பூ, போகன்விலா. வாசல் பக்கம் வதனியின் செல்லங்கள்... செவ்வரத்தை, நந்தியாவட்டை, கறிக்குப் போடும் ரம்பை. அரிசி கழுவும் தண்ணீரும் வீடு கழுவும் தண்ணீரும் ஒரு பைப் வழியாக நேரே செல்லங்களின் காலடிக்குப் போகும். ஈரம் காயாமல் இருக்க மண்ணுக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டை, மேலே சருகு. ஒபீஸில் அந்தப் பிளானைக் காட்டிப் பீற்றிக்கொண்டதும் உண்டு.

இரண்டு மாதம் பிரமாதம். பிறகு மழை நின்றது, செல்லங்கள் சோரத் தொடங்கின. இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. கேற் பக்கம் சொட்டுத் தண்ணீர் காணாதவையோ கொழுத்து நின்றன! கடல் காற்று என்றேன். மண் சரியில்லை என்றேன். பைப்பை இரண்டு தரம் கழற்றிப் பூட்டினேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"கண் பட்டிட்டுது" என்றாள் வதனி. "போறவாற ஆக்கள் எல்லாம் எட்டிப் பாக்கினம்."

நான் சிரித்தேன். மேலேயிருந்து அன்ரி, "சிமெந்துக்காரனுக்குச் சொல்லட்டோ தம்பி?" என்றார். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்தது. வழமையாக வெள்ளி காலையில் நான் ஒபீஸில் இருப்பேன். அன்றுதான் வதனி வீடு கழுவுவதை முதன்முறையாகப் பார்த்தேன். வாளித் தண்ணீரில் மஞ்சள் போட்டாள். பிறகு கல்லுப்பு... ஒரு கை, இரண்டு கை, மூன்று கை...

"என்னப்பா இது, இவ்வளவு உப்பு?"

"வெள்ளிக்கிழமை உப்பும் மஞ்சளும் போட்டுத்தானே கழுவுறது? முந்தி ஒரு கைதான் போட்டனான். பூக்கண்டுகளுக்குக் கண் பட்டதால இப்ப கூடப் போடுறன்."

அவள் தும்புத்தடியால் கூட்டித் தள்ளிய தண்ணீர் என் கண் முன்னாலேயே பைப்புக்குள் இறங்கி, செவ்வரத்தையின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தது. செடி வாட வாட இவள் உப்பைக் கூட்டியிருக்கிறாள். உப்புக் கூடக் கூட அது வாடியிருக்கிறது.

அதை நான் சொன்னதும் வதனி தும்புத்தடியைப் போட்டுவிட்டுப் படியில் குந்தியிருந்து அழுதாள்.

"நீங்கள் மினக்கெட்டுச் செய்தது... அதுக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டுதான் போட்டனான்."

வீட்டில் எங்கெங்கே தண்ணீர் விழும் என்று அங்குலம் அங்குலமாய் அளந்த நான், அதில் என்ன கலப்பீர் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

இருவருமாய் மேலே போய் அன்ரியிடம் உள்ளதைச் சொன்னோம். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"தோட்டத்தைக் கருவாடாக்கிப் போட்டியளே பிள்ளையள்! சரி சரி... இண்டைக்கு மட்டும் பைப்பைத் திறவுங்கோ. உப்புக் கழுவுப்படட்டும்."

அன்று முதல் வெள்ளிக்கிழமைத் தண்ணீர் மட்டும் கழிவுநீர்க் கானுக்குப் போனது. ரம்பை பிழைக்கவில்லை. மற்றவை ஐப்பசி மழையோடு துளிர்த்தன. நத்தாருக்கு வந்த மகன் காரை ஒழுங்கையில்தான் விட்டார்.

இன்று அந்த இடத்தில் ஒன்பது மாடி நிற்கிறது. எங்களுக்குத் தெஹிவளையில் சொந்த ஃபிளாட்... பல்கனியில் பன்னிரண்டு பூச்சாடி. டைமர் வைத்த சொட்டு நீர், மகள் ஃபோனிலேயே பார்த்துக்கொள்வாள். ஒரு துளி வீணில்லை, ஓர் இலை வாடுவதில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. என்ன, யாரும் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லாத தோட்டம்.

ஆனாலும் காலையில் தேத்தண்ணியோடு போய், தேவையில்லாமல் வதனியிடம் கேட்பேன்.

"இண்டைக்கு இதுகளுக்கு என்ன விட்டனீர்?"

"நான் ஒண்டும் விடேல்லையப்பா. இதில வந்து இருங்கோ."