மங்கம்மா எடுக்காத வண்ணங்கள்

காலையில் என் பழைய மாணவர் சேகர் தொலைபேசியில் அழைத்தார். “சார், நம்ம ஸ்கூல் ஆயாம்மா தவறிட்டாங்க. சாயங்காலம் எடுக்குறாங்க.” நான் இருக்கும் பொன்னேரியிலிருந்து அவர் ஊரான தோணிரேவு தூரமில்லை. ஆனாலும் நண்பகல்வரை புறப்படாமல் தயங்கிக்கொண்டிருந்தேன்.

மங்கம்மா அவர்களுக்குப் பள்ளியில் பெருக்கும் வேலைதான். ஆனால் நான் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தபோதே ஓவிய அறை அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. நாற்பது பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு போஸ்டர் கலர் பாட்டில்கள். ஆண்டு முழுவதும் வரவேண்டும். ஏரிக்கரையில் பொறுக்கிய மட்டி ஓடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுப்பார். “இன்னா அவசரம்? தீந்தா வந்து வாங்கிக்கோ. காஞ்சுபூட்டா யாருக்கும் ஆவாது” என்பார். தூரிகைகளைக் கழுவி, முடி வளையாமல் துணிமேல் படுக்கவைப்பார்.

ஏரிக்கரை ஊரிலிருக்கும் பழைய டச்சுக்காரர் கல்லறைகளைப் பிள்ளைகள் வரைந்து கண்காட்சிக்கு அனுப்பவிருந்த வாரம், ஐந்து பாட்டில்களைக் காணவில்லை. பிள்ளைகள் முன்னாலேயே அவரைக் கேட்டேன்.

“நான் தொடல சார்.”

“சாவி உங்ககிட்டதானே இருக்கு?” என்று கத்தினேன். அவர் சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் அதட்டவில்லை.

அன்று மாலை அந்தப் பாட்டில்கள் என் வீட்டில் ஒரு பையில் இருந்தன. உறவினர் திருமணத்துக்கு மேடைத்திரை வரைய, வெள்ளிக்கிழமை அவர் அலமாரியைப் பூட்டுமுன் நானே எடுத்துப்போய் மறந்திருக்கிறேன். மறுநாள் வகுப்பில், “அலமாரிக்குப் பின்னாடி கிடந்துச்சு” என்றேன்.

பிள்ளைகள் போனபின் அவர் மெதுவாகக் கேட்டார்: “அங்க நான் தெனம் பெருக்குறனே, சார்?”

சாவியை அவரிடம் நீட்டினேன்.

“வேணாம் சார். நாளைக்கு இன்னொண்ணு காணலன்னா, மறுபடியும் என்னத்தான கேப்பீங்க?”

ஓய்வுபெறும்வரை தூரிகைகளைக் கழுவித்தான் கொடுத்தார். சாவியை மட்டும் தொடவில்லை. நடந்ததை யாரிடமும் சொல்லவுமில்லை.

சாவு வீட்டில் அவர் மகள் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். “அம்மா வேலை செஞ்ச ஸ்கூல் சாரு” என்று உறவினர்களிடம் மரியாதையாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற சேகர் குனிந்து, “அந்தக் கலர் பாட்டிலு, ஆயாம்மாவே எடுத்துட்டு, பயந்துபோய்ப் பின்னாடி வெச்சிட்டாங்கன்னு நாங்க பேசிக்குவோம் சார்” என்றார். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை.

ஏரிக்கரைப் பாதையில் அவரைத் தூக்கிச் சென்றபோது, மணலில் விழுந்த சாமந்திகளை மிதிக்காமல் எல்லாருக்கும் கடைசியில் நடந்தேன்.

சேகர், அந்த வகுப்பிலிருந்த மற்றவர்களே, அந்தப் பாட்டில்களை எடுத்தவன் நான். மங்கம்மா அம்மா, உங்கள் எதிரில் சொல்லியிருக்க வேண்டியதை நீங்கள் இல்லாதபோது சொல்கிறேன். என் வணக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.