ஜன்னல் கம்பியில் நீல நூல்

கமலவேணி டீச்சரின் ஐந்தாம் வகுப்பு ஜன்னலில் எப்போதும் நூல் தொங்கும். பள்ளிபாளையத்து விசைத்தறித் தெருவில் கழிவு நூலுக்குப் பஞ்சமில்லை. பருவம் தொடங்கும் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, பருவம் முடிவதற்குள் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறது என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லும். சொன்னதும் வீட்டிலிருந்து கொண்டுவந்த நூலைக் கம்பியில் முடிச்சுப் போட்டுவிடும். செய்து முடித்த அன்று தானே அவிழ்த்துக்கொள்ளலாம். யார் துணையும் இல்லாமல் செய்ய வேண்டும் என்பது டீச்சர் வைத்த விதி.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, அதிகம் பேசாத மோகனப்பிரியா நீல நூலோடு எழுந்தாள்.

"தறிக்குப் பயப்படாம இருக்கப் பழகிக்கறேனுங்க டீச்சர்."

"தறிக்காரரு புள்ளைக்குத் தறின்னா பயமாமா" என்றான் மணிமாறன். வகுப்பு சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. அவரும் குமாரபாளையத்தில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவர்தான். சிறுமியாக இருந்தபோது ஒருநாள் மின்சாரம் போய்த் தறி நின்றது. அறுந்த இழையைப் பிணைக்க அக்கா உள்ளே கை விட்டாள். சுவிட்சை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. மின்சாரம் திரும்பியதும் தறி தானாக ஓடியது. அக்கா இன்றும் இடது கையால்தான் சாப்பிடுகிறாள். அதன்பிறகு கமலவேணி எந்தத் தறிக்கூடத்திலும் கால் வைத்ததில்லை. கல்யாணம் பேசும்போதும் தறி இல்லாத வீடாகப் பார்க்கச் சொன்னார்.

அதனால்தானோ என்னவோ, மோகனப்பிரியாவை அளவுக்கு மீறிப் பாராட்டிவிட்டார். "இந்த வகுப்புலயே பெரிய இலக்கு இவளோடதுதான்" என்றார்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கியது. வகுத்தல் கணக்கு வந்தவன் அவிழ்த்தான். திக்காமல் வாசித்தவள் அவிழ்த்தாள். கடைசியில் நீல நூல் ஒன்றுதான் மிஞ்சியது.

"உன் நூல் மட்டும் தனியா ஆடுது பாரு சாமி" என்று ஒரு வெள்ளிக்கிழமை செல்லமாகத்தான் சொன்னார்.

திங்களன்று மோகனப்பிரியா வரவில்லை.

"காய்ச்சலா?" என்று பக்கத்தில் உட்காரும் பிரபாவைக் கேட்டார்.

"இல்லீங்க டீச்சர். அவங்கப்பா நூல் வாங்க ஈரோடு போயிருக்காரு, அம்மா மில்லுக்குப் போயிட்டாங்க. ஊட்டுல யாருமில்லாதப்பத் தறிய ஓட்டிப் பாத்துட்டு வந்து முடிச்ச அவுக்கறேன்னா. யாரும் ஒத்தாசை பண்ணக் கூடாதில்லீங்க?"

தன் விதியையே அந்தப் பிள்ளையின் வாயால் கேட்டதும் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். வகுப்பைப் பக்கத்து அறை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். இருபுறமும் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் அவருக்கு எப்போதுமே பிடிக்காது. இன்று அது நிற்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

வீடு கண்ணில் பட்ட நேரத்தில் தெரு முழுக்கச் சத்தம் நின்றது. மின்சாரம் போய்விட்டது.

"கரண்ட் போச்சு, சுவிட்ச ஆஃப் பண்ணு" என்று ஏதோ ஒரு வீட்டில் ஆள் கத்துவது கேட்டது. மோகனப்பிரியாவிடம் அதைச் சொல்ல அங்கே யாருமில்லை. டீச்சர் ஓடினார். செருப்பு ஒன்று கழன்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

தறிக்கூடத்து வாசலில் கால் தானாக நின்றது. எண்ணெயும் பஞ்சுத் தூசும் கலந்த அதே வாடை. உள்ளே அரை இருட்டில் மோகனப்பிரியா தறிமேல் கவிழ்ந்து, அறுந்த இழையைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கை முழங்கைவரை பாவு நூல்களுக்குள் இருந்தது. சடை மோட்டார் பெல்ட்டின்மேல் கிடந்தது. கூப்பிட்டால் பதறித் திரும்புவாள், சடை சிக்கும். டீச்சர் கூப்பிடவில்லை. வாசலோரச் சுவரைத் தடவினார். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தறிக்கூடங்களில் அது கதவை ஒட்டித்தான் இருக்கும். அதன் பிடியைக் கீழே இழுத்தார்.

அவர் அந்தப் பிடியை விடுவதற்குள் தெருவெங்கும் தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கின. இந்தத் தறி மட்டும் அசையவில்லை.

மோகனப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் பெருமை.

"டீச்சர், நான் பயப்படலீங்க. நாளைக்கு முடிச்ச அவுத்துக்கட்டுங்களா?"

டீச்சர் அவள் கையை வெளியே எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "வேண்டாஞ் சாமி" என்றார்.

மூன்றாம் பருவத்தில் பழைய விதி இல்லை. இலக்கைச் சொல்லும் பிள்ளையிடம் டீச்சர் முதலில் கேட்பது, "பக்கத்துல யாரு இருப்பாங்க?" என்றுதான். பெயர் சொல்லாதவர்கள் நூல் கட்ட முடியாது. நீல நூல் இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

பாடம் நடக்கும்போது தெருவில் தறிச் சத்தம் நின்றால், சாக்பீஸ் கரும்பலகையிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். மோகனப்பிரியா ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். மறுபடி சத்தம் எழுந்து, கெட்ட சேதியோடு யாரும் ஓடி வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் டீச்சர் மீதிச் சொல்லை எழுதுகிறார்.