இருமல் எடுக்க வந்தவர்

மைக்கை வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு அருணகிரி கண்ணை மூடுகிறார். டேப் சுற்றத் தொடங்கிவிட்டது. பத்து விநாடி மனிதர்கள் சும்மா இருக்க வேண்டும். கோழி கத்தலாம், காற்று அடிக்கலாம், அதற்கு ஆட்சேபம் இல்லை. பிறகு தன் பெயர், தேதி, ஊர் சொல்லிவிட்டு ஒரே மூச்சில் "ஆ..." என்று இழுக்கிறார். இழுத்து முடித்த மறுகணம் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு அவசரமாக வெளியே போகிறார். மரத்துக்குப் பின்னாலிருந்து நாலைந்து இருமல் கேட்கிறது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, "யாரும்மா மொதல்ல?" என்கிறார்.

ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரில், அவரைப் பற்றி எழுத வந்த நான் அவரோடு ஏறி இறங்கிய ஏழு வீட்டிலும் இதே கதைதான்.

ஒடுகத்தூர்க்காரர். வயது நாற்பத்தொன்பது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், எண்பத்தொன்றில், சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வடிவேலு என்ற இன்ஜினீயர் மலைக்கு வந்தார். மைக் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று அவர் கேட்க, ஊரே இவரைக் காட்டியது. அன்று தொட்டு டேப் ரிக்கார்டரைக் கோணிப்பையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, ஜமுனாமரத்தூர் வரைக்கும் பஸ், அதற்கப்புறம் நடை. மலை ஜனங்கள் இவரை "இருமல் எடுக்கிறவரு" என்கிறார்கள். அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். "கலெக்டரு வரி எடுக்கிறாரு, நான் இருமல் எடுக்கிறன்" என்பார்.

வேலை இதுதான். ஒவ்வொருவரும் ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும், "ஆ" இழுக்க வேண்டும், மூன்று முறை இரும வேண்டும், ஆழமாக மூச்சு விட வேண்டும். டேப் சென்னைக்குப் போகும். அங்கே ஒரு இயந்திரம் ஒலியை மட்டும் கேட்டு, எந்த நெஞ்சில் கோளாறு என்று பிரிக்கப் பார்க்கிறது. கோளாறு என்று வந்தவர்களை ஜீப்பில் கீழே அழைத்துப்போய், எக்ஸ்ரே எடுத்து மருந்து கொடுப்பார்கள். நலம் என்று வந்தால் ஜீப் வராது.

அதே கூடத்தில் டெலிபோன் பேச்சிலிருந்து இரைச்சலைக் களைகிறார்களாம். பேச்சை வெளிச்சமாக்கிக் கண்ணாடி இழைக்குள் அனுப்பவும் பார்க்கிறார்களாம். அந்த இழையில் ஒரு சாண் துண்டு அருணகிரியின் சட்டைப்பையில், காலி பேனாக் கூட்டுக்குள் சுருண்டிருக்கிறது. போகிற வீட்டிலெல்லாம் அதை எடுத்து ஒரு முனையில் டார்ச் அடிப்பார். மறு முனையில் கடுகளவு வெளிச்சம் முளைக்கும். "பேச்சு இதுல போவப் போவுது, பாத்துக்கோ" என்பார். அப்புறம் என்னிடம் தனியாக விளக்கம்: "இருமல், டெலிபோன், வெளிச்சம், மூணுக்கும் ஒரே கணக்குதான் சார். களைய புடுங்கிட்டு பயிர நிக்க வைக்கிறது. இன்னா ஒண்ணு, எது களை எது பயிர்னு அந்த மிசினுக்கு நாமதான் சொல்லணும்."

இதை அவர் சும்மா சொல்லவில்லை, பட்டுச் சொன்னார்.

முதல் வருஷம் அந்த மலையூர் முழுவதற்கும் "நலம்" என்று வந்தது. வடிவேலுவுக்கு ஏக சந்தோஷம், மலைக்காற்றின் மகிமை என்று எழுதிக்கூட வைத்துவிட்டாராம். அருணகிரிக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு நாள் ஒரு வீட்டில் மெஷினை நிறுத்த மறந்து, தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டார். சாயங்காலம் அந்த டேப்பைப் போட்டுக் கேட்டால், அவர் "முடிஞ்சிது" என்று சொன்னதற்குப் பிறகு ஒரே இருமல். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடல் வெளியே வருகிற மாதிரி இருமுகிறார்கள்.

விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஊரில், வந்தவர் எதிரே வீட்டுக்காரர் இருமினால், எழுந்து போ என்று சொன்னதாக அர்த்தம். அதனால் வருகிற இருமலை விழுங்கிக்கொண்டு, மைக்குக்கு முன்னால் மரியாதைக்கு மூன்று முறை செருமியிருக்கிறார்கள். அதைத்தான் சென்னை இயந்திரம் ஆரோக்கியம் என்று எழுதியது. அடக் கடவுளே! மரியாதை தெரிந்த ஜனங்களுக்கு மருந்து கிடையாது என்று ஆகிவிட்டது.

டேப்பின் வாலில் பதிந்த அந்த இருமலையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி அருணகிரி வடிவேலுவிடம் வாதாடினார். "வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம்னு தெரியாத இருமலை அளக்க முடியாது அருணகிரி. அது இரைச்சல்" என்று சொல்லிவிட்டார் வடிவேலு. அவர் மேலும் தப்பில்லை, அளவென்றால் அளவுதான்.

இன்னொரு சங்கதி. ஒவ்வொரு டேப்பின் தலையிலும் அருணகிரியின் "ஆ" இருக்கிறதே, அதை வைத்துத்தான் மற்றவர்களை அளக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அது இருபத்திரண்டு விநாடி. நான் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன், இப்போது பதினொன்று. பிசகு மெஷினில் என்று சென்னையில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் இவரை வேலையில் நிரந்தரம் செய்யப் போகிறார்கள். மலைச்சரிவில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, "ஏன்யா, நீரே போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். "நான்தான் சார் தராசு. தராசுக்கே நோவுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற தராசு வாங்குவாங்க. வேல போய்டும். நிரந்தரம் ஆவட்டும், அப்பால பாக்கலாம்" என்றார்.

எட்டாவது வீடு கெங்கம்மாளுடையது. முப்பத்தெட்டு வயதிருக்கும். புகை போக வழியில்லாத வீட்டில் ஈர விறகு ஊதி ஊதிக் கண் சிவந்துபோனவள். தோளெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு தடவை டேப் எடுத்து, இரண்டு தடவையும் "நலம்". கடைசி ஜீப் அடுத்த வெள்ளிக்கிழமை. அதற்கப்புறம் ஆராய்ச்சி வேறு மலைக்குப் போய்விடும். வழியெல்லாம் அருணகிரி அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

அவள் கல்லால் புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"இந்த வாட்டி நெசமா இருமணும் தங்கச்சி" என்றார் அருணகிரி.

"வந்த மனுசர வெளிய போன்னு சொல்லச் சொல்றியாண்ணா? அது என்னால ஆவாது."

"நீ இருமலன்னா ஜீப்பு வராது. உன் புருசன் ரங்கனே எங்கிட்ட வந்து அழுதுட்டுப் போனான்."

அவள் கல்லைக் கீழே வைத்தாள். "விருந்தாளியே மொதல்ல இருமிட்டா எங்களுக்குக் குத்தம் இல்ல. நீ இருமு, நான் இருமுறன்."

"எனக்கு இன்னா இருமல்?"

"வழியில நீ இருமிகினு வந்தது இங்க வரைக்கும் கேட்டுச்சே."

அருணகிரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சரி, பொட்டி ஓடறதுக்கு முன்னாடி இருமிடறன்" என்றார்.

"பொட்டிக்குத் தெரியாம இருமினா அது திருட்டு இருமல்ணா. நீ மறைப்ப, நான் காட்டணுமா?"

"என் வேல போய்டும்மா."

"அப்ப வேணாண்ணா. பொழப்பு முக்கியம். கேழ்வரகுக் கூழு கீது, குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, கெங்கம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது, சத்தம் வரவில்லை.

அருணகிரி கோணிப்பையைப் பிரித்தார். மைக்கை எடுத்தார். நாலு விரற்கடை. பத்து விநாடி. பெயர், தேதி, ஊர். "ஆ" இழுத்தார். பதினொரு விநாடியில் அறுந்தது. விரல் வழக்கம்போல நிறுத்தும் பொத்தானுக்குப் போய், அதன்மேல் நின்றது. பிறகு அந்தக் கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

இருமல் வந்தது. துண்டைத் தேடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. தொண்டை நரம்பு புடைக்க, உடம்பு முன்னும் பின்னும் ஆட, மூன்று வருஷ இருமலையும் மைக்குக்கு முன்னாலேயே இருமினார். டேப் சுற்றிக்கொண்டே இருந்தது.

கெங்கம்மாள் திரும்பினாள். வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

அருணகிரி கண்ணில் நீர் வழிய மைக்கை அவள் பக்கம் நீட்டி, மற்ற கையின் நாலு விரலைச் சேர்த்து, அவள் வாய்க்கும் மைக்குக்கும் நடுவே வைத்துத் தூரத்தை அளந்தார்.