ராடுக்குப் பின்னால் நின்றவன்

யாராவது கனமான எதையாவது தூக்கினால் என் கைகள் தாமாக நீண்டுவிடுகின்றன. கைகள்கூட இல்லை, இரண்டு சுட்டுவிரல்கள் மட்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒருமுறை, விரல் நசுங்கினால் நான் பொறுப்பில்லை சார் என்று எரிந்து விழுந்தார். பஸ்ஸில் பெட்டியை மேலே ஏற்றுகிற முன்பின் தெரியாத ஆட்களிடமும் முறைப்பு வாங்கியிருக்கிறேன். வயதானால் கை நடுங்கும் என்பார்கள். என் கைக்கு வந்திருப்பது வேறு வியாதி. அது வந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அறுபதுகளின் கடைசியில் நான் போர்ட் பிளேயரில், ரோடும் பாலமும் போடுகிற அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்தேன். மதுரையிலிருந்து கப்பலேறிப் போன எனக்கு அங்கே வாய்த்த ஒரே நண்பன், மீன் ஏலம் விடுகிறவன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிறிஸ்தவன், என் வயதுதான். விடிகிற நேரத்தில் படகுகள் வந்ததும் அவன் குரல் எழும். விலையை இந்தியிலும் கிண்டலைத் தமிழிலும் சொல்லுவான். பெங்காலி, தெலுங்கு, மலையாளி எல்லோருக்கும் இரண்டும் புரிந்துவிடும். அபர்டீன் பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தாலே இன்றைக்கு என்ன மீன் என்று காதில் விழுந்துவிடும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

குட்வில் எஸ்டேட்டில் அவன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதுதான் எங்கள் ஜிம். உடைத்துப் போட்ட படகு ஒன்றின் இரும்பு ஷாஃப்ட்தான் ராடு. காட்டில் மரம் இழுத்த டிராலியின் சின்னச் சக்கரங்கள்தான் தட்டுகள். சக்கரத்தின் ஓட்டை ராடைவிடப் பெரிதாக இருந்ததால் மர ஆப்புகளை அடித்து இறுக்கிவிடுவோம். ஆப்பு என்னுடைய யோசனை. அதில் எனக்கு அப்போது ஏகப் பெருமை. பெஞ்சுக்குப் படாக் மரப் பலகை, ராடைத் தாங்க அதன் இரண்டு பக்கமும் கட்டை. எல்லாவற்றையும் கொப்பரை வியாபாரியின் தராசில் நிறுத்து, எடையைச் சுண்ணாம்பால் எழுதிவைத்திருந்தோம்.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. மெயின்லேண்டிலிருந்து யாரோ கொண்டுவந்த ஆங்கிலப் பத்திரிகையின் நான்கு பக்கங்களை வைத்துக்கொண்டுதான், மல்லாந்து படுத்து ராடை மார்பிலிருந்து மேலே தள்ளுகிற பெஞ்ச் பிரஸ் கற்றோம். படித்துச் சொல்வது என் வேலை. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் இறுக்கிப் பலகையில் பதிக்க வேண்டும். பாதம் தரையை விட்டு எழும்பக் கூடாது. மணிக்கட்டு மடங்கக் கூடாது, கட்டைவிரல் ராடைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். ராடு இறங்க வேண்டியது கழுத்துப் பக்கம் அல்ல, மார்புக் காம்புக்குச் சற்றுக் கீழே. ஒருநாள் தூக்கினால் இரண்டு நாள் ஆராம், அதாவது ஓய்வு. அந்த இரண்டு நாளில்தான் உடம்பு பலமாகிறது என்று போட்டிருந்தது. சும்மா கிடந்தால் எப்படிப் பலம் வரும் என்று அவன் சிரித்தான். தலைமாட்டில் பின்னால் நிற்பவனுக்கும் ஒரு விதி இருந்தது. ராடுக்கு அடியில் கைகளை வைத்திருக்கலாம், ஆனால் அது பாதியில் நின்றுபோனால் ஒழியத் தொடக் கூடாது. தொட்டால் அது தூக்கியவன் தூக்கியதாகாது. இதை அவனுக்கு வாசித்துக் காட்டியவன் நான்தான்.

மலேரியா வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எண்பது கிலோவை அவன் தன் பலத்தில் தள்ளினான். என் கண்ணால் பார்த்தேன், அதில் சந்தேகமில்லை. பிறகு காய்ச்சல் அவனை மூன்று வாரம் போட்டு உலுக்கியது. எழுந்து வந்தபோது யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டவன் மாதிரி இருந்தான். வெறும் ராடிலிருந்து தொடங்கு என்றேன். கேட்கிற ஆளா அவன்! நேராக அறுபதைப் போட்டுக்கொண்டு படுத்தான். அது பாதி வழியில் நின்றது, நான் எடுத்து வைத்தேன். மறுநாளும் நின்றது. மூன்றாவது நாள் படுப்பதற்கு முன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இனி இது நமக்கு ஆவாதோ, மக்கா?" என்று கேட்டான். அவன் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்றைக்குத்தான் தொட்டேன். ராடு தயங்கிய இடத்தில் இரண்டு சுட்டுவிரல்களையும் அடியில் கொடுத்து லேசாக ஏந்தினேன். என் கைகள் எப்போதும் அங்கேதான் இருக்கும் என்பதால், படுத்திருப்பவனுக்குத் தொடுவதும் தொடாததும் தெரியாது. ராடு மேலே போனது. எழுந்து உட்கார்ந்து அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்தபோது ஏதோ புண்ணியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

அன்று ஒருநாளைக்கு என்று செய்தது தினப்படி ஆகிவிட்டது. அறுபது எழுபதானது, எழுபது மறுபடி எண்பதானது. அவன் பலமும் கொஞ்சம் கூடியிருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த எண்பதில் அவனுடையது எவ்வளவு, என்னுடையது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. உடம்புதான் கல்லு மாதிரி இருக்கிறதே, ஆராம் எதற்கு என்று சொல்லிக்கொண்டு அவன் தினமும் படுத்தான். ஓய்வில்லாமல் அவன் முகம் ஒட்டிப்போனது, ராடின் எடை மட்டும் ஏறியது. ஏன் ஏறுகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான் என்று நினைத்திருந்தேன். சில சமயம் அவன் மனைவி கொட்டகை வாசலில் வந்து நின்று, எங்கள் கூத்து முடிந்ததா என்று பார்த்துவிட்டுப் போவார். நாளைக்கு விரலை எடுத்துவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே வந்து படுப்பான், நானும் நீட்டிவிடுவேன்.

அப்புறம் என்னை ஒரு மாதத்துக்கு, படகில் போக வேண்டிய ரங்கத் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பாலம் வேலை. வழியனுப்பப் படகுத்துறை ஜெட்டிக்கு வந்தான். நான் திரும்பி வரும்வரை எண்பதைத் தொடாதே, தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் பின்னால் யாரையாவது நிறுத்திக்கொள் என்றேன்.

"எதுக்கு? நான் அகேலாவா, தனியாத்தானே தூக்குதேன். நீ சும்மாதான நிக்கே" என்றான்.

பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் படகு கிளம்பிவிட்டது என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கிளம்பவில்லை. நிறைய நேரம் இருந்தது. சொன்னால் அவன் முகம் எப்படி ஆகும் என்று பயந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். கோழைத்தனம், வேறு பெயர் கிடையாது.

மூன்றாவது வாரம் சிமெண்ட் ஏற்றிவந்த படகுக்காரர் சேதி சொன்னார். சாயங்காலம், வழக்கமான நேரத்தில், எண்பதைப் போட்டுக்கொண்டு தனியாகப் படுத்திருக்கிறான். ராடு மார்புக்கு இறங்கியது, ஏறவில்லை. தட்டுகளை ஆப்பு வைத்து அடித்திருக்காவிட்டால், ராடை ஒரு பக்கம் சாய்த்து அவற்றைச் சரித்துவிட்டுத் தப்பியிருக்கலாம். அவன் சாய்த்துத்தான் பார்த்திருக்கிறான். ராடு தொண்டைக்கு உருண்டுவிட்டது. ஜெட்டி முழுக்கக் கேட்கிற குரல்காரன் வீட்டில் இருந்த மனைவியைக் கூப்பிட முடியாமல் குதிகாலால் தகரத்தை உதைத்துக்கொண்டு கிடந்தான்.

கடைசியில் பக்கத்து வீட்டு ஆள் வந்து ராடைத் தூக்கியதில் உயிர் தங்கியது. குரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது கட்டிலைச் சுற்றி அவன் சொந்தக்காரர்கள் நின்று, தாங்காத கனத்தைத் தூக்குகிற திமிர் உனக்கு ஏன் என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்தான். வாயருகே காதை வைத்தேன். வெறும் காற்றாக வந்தது பேச்சு.

"எண்பது நம்ம வெயிட்டுதான, மக்கா? இவங்கட்ட சொல்லு."

"அவன் வெயிட்டுதான்" என்று எல்லோரிடமும் சொன்னேன். அவன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் வீடு திரும்பியதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அடித்தாலும் சரி, முகத்தில் துப்பினாலும் சரி என்றுதான் போனேன். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒங்க வெரல நான் பாத்திருக்கேன், அண்ணே" என்றார். "அன்னைக்குத் தகரத்துல அவர் ஒதைச்ச சத்தமும் எனக்குக் கேட்டுச்சு. எக்சர்சைஸுதான்னு இருந்துட்டேன். இந்தா இதே துணியத்தான் அலசிட்டு இருந்தேன். ரெண்டையும் அவர்ட்ட சொல்லக் கூடாது. தூக்கினேன்னு ஒண்ணுதான் அவருக்கு மிச்சம்."

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்? என் பாரத்தை இறக்கி வைக்கப் போனவன், அவருடையதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏலத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். என் நண்பன் கருவாடு தரம் பிரிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தான். புது ஆளின் குரல் கேட்காத தெருவாகப் பார்த்து நான் அலுவலகம் போனேன். ஆனால் காற்றடித்தால் எங்கோ ஒரு தகரம் டக்டக்கென்று அடிக்கும், தீவில் தகரத்துக்குப் பஞ்சமா? அந்தச் சத்தம் கேட்டால் பேனாவை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடுவேன். சக கிளார்க்குகள் என்னைக் கழன்ற கேஸ் என்று முடிவு கட்டியிருந்தார்கள். இப்போது மெயின்லேண்டில் கான்கிரீட் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு மாடியில் ஒரு தகரம் ஆடுகிறது. மூன்று முறை என் செலவில் ஆணி அடித்துக் கொடுத்துவிட்டேன்.

அந்த விபத்து நடந்து ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மாலை அவன் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். ராடிலிருந்து சக்கரங்களைக் கழற்றி மூலையில் அடுக்கியிருந்தான். வெறும் ராடு, இருபது கிலோ. பத்திரிகையில் போட்டிருந்தபடியே தொடங்குவோம் என்று காற்றுக் குரலில் சொல்லிச் சிரித்தான். தோளை இறுக்கினான், பாதத்தைப் பதித்தான், எதையும் மறக்கவில்லை. நான் பின்னால் போய் நின்றேன். கைகளை ராடுக்கு அடியில் கொண்டுபோனேன்.

மூன்று முறை சுலபமாகத் தள்ளினான். நான்காவது முறை ராடு பாதியில் கொஞ்சம் மெதுவானது. நிற்கவில்லை, மெதுவானது, அவ்வளவுதான். நான் பாய்ந்து இரண்டு கைகளாலும் ராடைப் பிடித்துப் பிடுங்கிக் கட்டையில் வைத்துவிட்டேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே தலைகீழாக என் முகத்தைப் பார்த்தான். அவன் கழுத்தின் குறுக்கே அந்தத் தழும்பு ஏறி இறங்கியது. கொட்டகை வாசலில் அவன் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"முன்னல்லாம் நீ தொடவே மாட்டியே, மக்கா" என்றான்.

அவன் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ராடை இன்னும் விடாமல் பிடித்திருந்த கைகளை எடுத்துக்கொண்டேன்.

"ஆமா. தொட்டதே இல்ல" என்றேன்.