பலாச்சுளைக் கலரும் பூங்கொடி அக்காவும்

பூங்கொடி அக்கா போயிட்டாங்க.

நேத்து காலைல கடை ஷட்டரைத் தூக்கும்போதே நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்களாம். ஆம்புலன்ஸ் மலை வளைவெல்லாம் இறங்கி நாமக்கல் போய்ச் சேர்றதுக்குள்ள... முடிஞ்சுபோச்சு.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அக்கா சோளக்காடு பஸ் ஸ்டாப் பக்கம் ஃபிளக்ஸ் கடை வச்சிருந்தவங்க. காதுகுத்து, கல்யாணம், கட்சி மீட்டிங், எழவு... இந்த மலையில நீங்க நின்னு பார்த்த பேனர்ல பாதி அவங்க டிசைன் பண்ணதுதான்.

இந்த மலைமேல குண்டூர் நாட்டுப் பக்கம் நம்ம மாடெல்லாம் மேயற மேய்க்கால் நிலத்தை ரிசார்ட்டுக்குத் தூக்கிக் கொடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சப்ப, அதை எதிர்த்து ஒரு வெப்சைட் ஆரம்பிச்சோமே... அதுவும் அக்கா பண்ணதுதான். எழுத்து மட்டும் என்னோடது.

மொத நாளே சண்டை. எனக்குச் செவப்பு வேணும், செவப்புல பெருசா ஒரு முஷ்டி வேணும். என் கோவத்தைப் பத்தித்தான் உங்களுக்கே தெரியுமே.

"செவப்பைப் பார்த்தா நம்ம சனம் ஏதோ நோட்டீஸ் வந்துருச்சுன்னு போனை மூடிரும் கண்ணு"ன்னு சிரிச்சாங்க.

சிரிச்சுக்கிட்டே, சாப்பிட்டுக்கிட்டிருந்த பலாப்பழத்துல இருந்து ஒரு சுளையை எடுத்து ஸ்கிரீன் ஓரமா புடிச்சு, அதே மஞ்சளைக் கொண்டுவந்துட்டாங்க. மேல மேய்க்கால் போட்டோ, கீழ நல்லா பெரிய எழுத்து. அவ்வளவுதான் டிசைன்.

"படிக்கத் தெரியாதவங்களும் கலரைப் பார்த்தே இது நம்முளுதுன்னு சொல்லோணும்"னாங்க.

அப்படியே சொன்னாங்க சனம். "பலாச்சுளையில இன்னைக்கு என்ன போட்டிருக்குது?"ன்னு மாட்டை ஓட்டிக்கிட்டே என்னைக் கேப்பாங்க. சைட்டோட பேரு ஒருத்தருக்கும் தெரியாது. கலரு தெரியும்.

இன்னொண்ணு ஞாபகம் வருது. சைட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனோம். மாடு மேய்க்கிற அண்ணன் ஒருத்தரு கேமராவைப் பார்த்ததும் துண்டை வாயில பொத்திக்கிட்டு ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டாரு. டிவியில எல்லாரும் அப்படித்தான நிக்கறாங்க!

எனக்கு, ஆகா செம போட்டோன்னு தோணுச்சு. அக்கா கேமராவை இறக்கிட்டாங்க.

"அழுவறது எழவு பேனருக்குங்கண்ணா. நாம இன்னும் நெலத்தைப் பறிகொடுக்கலீங்க. நேரா என்னையப் பாருங்க."

அந்தாளு பார்த்தாரு பாருங்க... இப்பவும் அந்தப் படம்தான் சைட்டுல இருக்குது.

போன மாசம் கடைக்கு வரச் சொன்னாங்க. டேபிள் மேல ரெண்டு போன். ரெண்டுலயும் நம்ம சைட்.

ஒண்ணு நம்மளுது இல்ல.

அதே மஞ்சள், அதே மேய்க்கால் போட்டோ, அதே பெரிய எழுத்து. உள்ள போய்ப் படிச்சாத்தான், ரிசார்ட் வந்தா ஊட்டுக்கு ஊடு வேலை, நிலத்தைக் கொடுப்போம்னு எழுதியிருக்கறது தெரியுது. யாரு நடத்தறாங்கன்னு ஒரு பேரு கிடையாது.

"போட்டோவுக்கும் எழுத்துக்கும் நடுவுல நான் விடற எடத்தைக்கூட அப்படியே விட்டிருக்கான் கண்ணு"ன்னாங்க. குரல்ல கோவமே இல்ல. அதுதான் எனக்குப் பக்குன்னுச்சு.

"கலரை மாத்திரலாங்கக்கா."

"மாத்துனா நம்மளைத்தான் போலின்னு நெனப்பாங்க."

அன்னைக்கு மத்தியானமே கடையைச் சாத்திட்டு ஊட்டுக்குப் போயிட்டாங்க. அப்படிப் போறவங்களே இல்ல அவங்க.

நேத்து... அக்கா உடம்பு இன்னும் மலையேறி வரக்கூட இல்ல. அந்தப் போலி சைட்டுல அஞ்சலி வந்துருச்சு. பலாச்சுளை மஞ்சள்ல கறுப்புக் கட்டம் கட்டி அக்கா போட்டோ.

'ரிசார்ட் வர வேண்டும் என்பதே எங்கள் பூங்கொடி அக்காவின் கடைசி ஆசை. கிராம சபையில் கை தூக்கி நிறைவேற்றுவோம்.'

அடப்பாவிகளா! செத்தவங்க வாயில எதை வேணும்னாலும் வைப்பீங்களா?

அக்காவோட அந்தப் போட்டோ நான் எடுத்தது. நிலத்துக்காகப் போராடற எங்க போன் குரூப்புல மட்டும்தான் போட்டிருந்தேன், வேற எங்கயும் இல்ல. குரூப்புல இருக்கற எல்லாரும் இந்தப் பதிவையும் படிப்பீங்க. உங்கள்ல யாருன்னு எனக்குத் தெரியல.

போன் மேல போன். "அக்கா மனசு மாறிட்டாங்களாமே?"ன்னு கேக்கறாங்க. இல்லீங்க. சத்தியமா இல்லீங்க. அக்கா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லீங்க.

நிலத்தைக் கொடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண அடுத்த வாரம் கிராம சபை. அக்காவுக்காகன்னு நினைச்சு அத்தனை பேரும் கை தூக்கிட்டா... நிலம் போச்சு.

நேத்து சாயங்காலம் எழவு ஊட்டுக்குப் போனேன். அக்காவோட அம்மா உடம்புக்குப் பக்கத்துலயே உக்காந்து, வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போனை நீட்டிக்கிட்டிருக்காங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது.

"பாரு சாமி, நம்ம பலாச்சுளையில எம்புள்ளைய எத்தனை லட்சணமா போட்டிருக்குது..."

வந்தவங்க வாங்கிப் பார்த்தாங்க. படிச்சாங்க. தலையாட்டிட்டு அடுத்தவங்க கையில கொடுத்தாங்க.

போனை வாங்கிரலாம்னு நானும் கையை நீட்டினேன். அம்மா கொடுக்கல. நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அழுதாங்க.

அக்கா... உங்க எழவு பேனரை நாமக்கல்ல வேற கடையிலதான் அடிச்சோம். என்ன கலருங்கன்னு கேட்டாங்க. எதுன்னாலும் போடுங்க, மஞ்சள் மட்டும் வேண்டாம்னுட்டேன்.

போயிட்டு வாங்கக்கா.