புழு இல்லாத புழுவெட்டு

விழுப்புரத்தில் எங்கள் தெருவில் என்னைவிட அழகான பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் ஜடை என்று வந்தால் நான்தான். இடுப்பைத் தாண்டித் தொங்கும். என் கர்வம் அதில்தான் ஆரம்பித்தது. ஜடை போன பிறகும் அந்தக் கர்வம் போகவில்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். அப்பா ரயில்வே லோகோ ஷெட்டில் பிட்டர். பள்ளிப் படிப்பு முடிந்து எனக்குத் திண்டிவனத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போனது அதுதான் முதல் தடவை. பாதியில் திரும்பினால் கல்யாணம்தான் என்று பேசி முடித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அதற்காக விக்கிரவாண்டியில் ஒரு மாமன் மகனும் தயாராக இருந்தார்.

முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை திடீரென்று நின்றது.

"இன்னாடி இது?"

பின்மண்டையில் நாலணா அளவுக்கு ஒரு வட்டம். அதில் ஒரு முடிகூட இல்லை. தொட்டால் வழவழவென்று இருந்தது.

"புழுவெட்டு," என்றாள் அம்மா.

என் அவதிக்கெல்லாம் அந்தச் சொல்தான் காரணம். வெட்டியது புழு என்றால் புழு எங்கே? அம்மா என்னை வெயிலில் உட்காரவைத்து ஊக்கு முனையால் தேடினாள். அகப்படவில்லை. "உள்ள பூந்துக்கினு இருக்குது," என்று முடிவு கட்டினாள். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தாள். எரிந்தது. ஆற்றுத்தும்மட்டிக் காயை வெட்டித் தேய்த்தாள். அது இன்னும் எரிந்தது. எரிந்தால் புழு சாகிறது என்று அர்த்தமாம். சாகிறது புழுவா, நானா என்று கேட்டேன். வெங்காயம் தேய்த்த அதே இடத்தில் ஒரு குட்டு விழுந்தது.

அப்பாவுக்கும் முடி கிடையாது. முப்பது வயதிலேயே முன்மண்டை காலி. ரயிலில் விற்றுக்கொண்டு வந்த ஏதோ மூலிகைத் தைலத்தை இரண்டு வருஷம் தேய்த்துப் பார்த்தார். தலையணை உறை பச்சையானதுதான் மிச்சம். ஆனால் அவர் வழுக்கையைப் பார்த்தவர்கள் மூளைக்காரர் என்றார்கள். என் நாலணா வட்டத்தைப் பார்த்தவர்கள், இவளை யார் தலையில் கட்டுவது என்றார்கள். இந்த அநியாயத்தைப் பார்த்து எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அம்மா என்னைச் சந்தைக்கு இழுத்துப் போனாள். பல்லிலும் காதிலும் பூச்சி எடுக்கிறவர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். அவர் என் வட்டத்தின் மேல் ஒரு குழலை வைத்து உறிஞ்சினார். கொட்டாங்குச்சியில் துப்பினார். தலை பழுப்பும் உடம்பு வெளுப்புமாக ஒரு புழு நெளிந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். வீட்டில் தினமும் காய் நறுக்குகிறவள் நான்.

"ஐயா, இது கத்திரிக்காப் புழுங்க," என்றேன்.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அம்மா என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் திட்டு. ஆனால் அதற்குப் பிறகு பல நாள் கத்திரிக்காய் நறுக்கும்போதெல்லாம் அவளே சிரித்துக்கொள்வாள்.

ஹாஸ்டலுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் வட்டம் மூன்றானது. என் சீப்பையே தினமும் வாங்கி வாரிக்கொள்ளும் பக்கத்துக் கட்டில்காரி அதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். சாயங்காலத்துக்குள் என்னைச் சுற்றியிருந்த கட்டில்கள் எல்லாம் தள்ளிப் போய்விட்டன. வார்டன் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"புழு மத்தவங்க தலைக்கு ஏறினா யாரு பதில் சொல்றது? வீட்டுக்குப் போ. முழுசா குணமாயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கினு வா. மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா உன் பேரை எடுத்துடுவாங்க."

பெயர் போனால் படிப்பு போகும். படிப்பு போனால் விக்கிரவாண்டிதான்.

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்து என் தலையைப் பார்த்தார். "புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. பேரு வச்சவங்க தப்பு. யாருக்கும் ஒட்டாது. வேர் சாகல, தூங்குது. நிறைய பேருக்குத் தானா முளைச்சிடும். சிலருக்கு முளைக்காது. களிம்பு தர்றேன், ஆனா முளைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்." பிறகு கூட வந்திருந்த அப்பாவின் வழுக்கையைப் பார்த்து, "உங்களுது வேற. அது வராது. தைலம் வாங்காதீங்க," என்றார். அதுவரை எந்த வைத்தியரும் முளைக்காமலும் போகலாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அம்மாவை எனக்கு அங்கேயே பிடித்துப்போனது. பின்னாளில் என் வட்டங்களில் இரண்டு நிரம்பின, ஒன்று இன்றுவரை நிரம்பவில்லை.

சீட்டில் 'தொற்றாது' என்று எழுதித் தந்தார். குணமாகிவிட்டது என்றும் சேர்த்து எழுதச் சொல்லி அம்மா கெஞ்சினாள்.

"ஆகலையே," என்றார் டாக்டர்.

களிம்பு முடியிலேயே ஒட்டிக்கொண்டது, தோலில் இறங்கவில்லை. அதனால் மழித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அம்மா அழுதாள். வீட்டுக்கு வந்த நாவிதர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "பொம்பளப் புள்ளைக்குக் கோயில்லதாங்க மொட்டை. வூட்டுல வச்சுக் கத்தி வைக்க மாட்டேன்," என்று போய்விட்டார்.

அப்பா தன் ஷேவிங் செட்டை எடுத்துவந்தார். "பேஜாரு பண்ணாம உக்காரு. மண்டை நெளிவு சுளிவெல்லாம் எனக்குத் தெரியும்," என்றார். ஜடை தரையில் விழுந்தபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். எல்லாம் முடிந்ததும் கண்ணாடியில் தன் தலையையும் என் தலையையும் சேர்த்துப் பார்த்தார். "இப்பதான் என் பொண்ணு மாதிரி இருக்கே," என்றார். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே குளிர்ச்சிக்குச் சந்தனம் பூசிவிட்டாள்.

மாதத்தின் கடைசி நாள் திண்டிவனம் பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டில், மயிலம் முருகனுக்கு மொட்டை போட்டுவிட்டு ஒரு குடும்பம் ஏறியது. அவர்களில் ஒரு அம்மா என் சந்தனத் தலையைப் பார்த்ததும் என் கன்னத்தைத் தடவினார். "நீயும் மயிலமாம்மா? வயசுப் பொண்ணு முடியக் குடுக்கறதுன்னா சும்மாவா?" என்று சொல்லி, மடி நிறைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுத்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை. பேசாமல் வாங்கித் தின்றேன். திண்டிவனம் வருவதற்குள் என்மேல் எனக்கே கோபம் வந்துவிட்டது.

ஹாஸ்டல் வாசலில் என்னைப் பார்த்ததும் வார்டன் அம்மாவின் முகம் மலர்ந்தது.

"வேண்டுதலா? மயிலமா? அடடா, உள்ள வா, உள்ள வா. முருகனுக்குக் குடுத்த முடிக்குச் சீட்டு எதுக்கு?"

பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். கட்டிலை முதலில் தள்ளிப் போட்டவளே, "விபூதி எடுத்தாந்தியா?" என்று கையை நீட்டினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் இடம் எனக்கு. அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

"கோயிலுக்குப் போகலைங்க," என்றேன். "புழுவெட்டுதான். எங்கப்பா மழிச்சாரு. இன்னும் குணமாகல. ஆனா யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரம்மா எழுதியிருக்காங்க."

சீட்டைக் கொடுத்தேன். தாவணி முனையால் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, அத்தனை பேருக்கும் எதிரே குனிந்தேன். "புழு இருந்தா நீங்களே பாத்துச் சொல்லுங்க."

வார்டன் அம்மா சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைத் தன் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். பெயரை அடிக்கத்தான் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் தன் கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கொண்டை அப்படியே கையோடு வந்துவிட்டது. அத்தனையும் சவுரி. உச்சியில் வகிடு விரலளவு அகலத்துக்கு வெறும் தோலாக இருந்தது. அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட இருக்காது.

"அந்த டாக்டரு பொய் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"மாட்டாங்க. வராதுன்னா வராதுன்னு சொல்லிடுவாங்க."

மேஜையிலிருந்த பதிவேட்டைத் திறந்து என் பெயருக்கு நேரே வந்ததாகக் குறித்தார். பேனாவை மூடியவர் நிமிரவில்லை.

"திங்கக்கிழமை நான் அவங்ககிட்ட போறேன். நீயும் கூட வர்றியா? தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு."

"வர்றேங்க," என்றேன். அன்றைக்கு என் தலையில் ஒரு முடி இல்லை. அவ்வளவு நிமிர்ந்து நான் அதற்கு முன் நின்றதும் இல்லை.